திரைக்குப் பின்னால் ஒரு வாசகன்

போன மாசம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு நண்பன் வீட்டில் தங்கியிருந்தேன். ராத்திரி சிக்னல் இல்லை. கையில் கம்பனின் யுத்த காண்டம். மனசுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். நண்பனின் தாத்தா, "வாய்விட்டுத்தான் படியேன்பா, நாங்களும் கேக்கறோம்" என்றார். ராமன் பக்கம் வந்துவிடும்படி கும்பகர்ணனை விபீஷணன் கூப்பிடும் இடம். இரண்டு பாட்டு தாண்டியதும் தாத்தா நிறுத்தினார். "அண்ணங்காரன் பண்றது தப்புன்னு இவனுக்குத் தெரியுதில்ல? அப்புறம் ஏன் வரமாட்டேங்கறான்?" பதில் சொல்ல ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஓடிவிட்டது. அடுத்த பாட்டுக்குப் போகவே இல்லை.

அன்றைக்குத்தான் சின்னத்தம்பிப் புலவர் எனக்குக் கொஞ்சம் புரிந்தார்.

பாலக்காட்டுத் தோல்பாவைக் கூத்தைத் தொடங்கியவராக அந்த மரபு சொல்லும் பெயர் அது. நம்மிடம் இருப்பது அவருடைய வரலாறு அல்ல, கதை. கம்பராமாயணம் வாசிக்கும் இடத்தில் சாதியின் பேரால் அவரை ஒதுக்கினார்கள். அவர் தோலில் பாவை வெட்டி, அதே ராமாயணத்தை எல்லோரும் கேட்கிற மாதிரி வெளியே கொண்டுவந்தார். இன்றும் அங்குள்ள பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் எரிய, கம்பனின் விருத்தங்கள் தமிழிலேயே பாடப்படுகின்றன. பாடுகிறவர்களுக்குப் பெயரே 'புலவர்'தான்.

இந்தக் கூத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாவையைப் பார்க்கிறார்கள். தோல், விளக்கு, நிழல். போட்டோவுக்கு அழகானவை. ஆனால் ராத்திரி முழுக்க அங்கே நடப்பது பெரும்பாலும் பேச்சு. ஒரு பாட்டு, அதற்கு உரை, உரைக்குள் ஒரு கேள்வி, கேள்விக்கு ஒரு கிளைக்கதை. அதுவரை பாவை அசையாமல் நிற்கும்.

ஜப்பானில் இதே மாதிரி ஒருவர் இருந்தார். 1651-ல் ஒசாகாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த தகெமோதோ கிதாயு. 1684-ல் தன் பெயரிலேயே பொம்மை நாடக அரங்கைத் தொடங்கினார். எல்லாப் பாத்திரங்களுக்கும் அழுகை, சிரிப்பு, கதைசொல்லல் எல்லாம் அவர் ஒரு குரல். அவர் குரலுக்காகவே சிகாமட்சு மொன்சாஎமொன் எழுதினார். 1703-ல் சொனெசாகி காதல் தற்கொலை நாடகம் அரங்கைக் கடனிலிருந்து மீட்டது. கிதாயுவின் பெயரே அந்தப் பாட்டுமுறையின் பெயராகிவிட்டது. இன்றைய புன்ராக்குவில் பாடகர் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, பிரதியை நெற்றிக்கு உயர்த்தி வணங்கிவிட்டுத்தான் தொடங்குகிறார்.

சின்னத்தம்பிக்கு சிகாமட்சு கிடைக்கவில்லை. அவர் கவி ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டுப் போனவன். புதுசாக ஒரு வரி கேட்க முடியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் பாக்கி. அந்த இடத்தில்தான் அவருடைய மரபு வாழ்ந்தது. கம்பனுக்கு விமர்சகர்கள் யார் என்று பட்டியல் போடும்போது வ.வே.சு. ஐயர், டி.கே.சி. என்று தொடங்குகிறோம். விளக்குக் கரி பிடித்த மாடத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்காக வாதாடியவர்களை 'நாட்டார் கலைஞர்கள்' என்று தனி அலமாரியில் வைத்துவிட்டோம். என்னைப் பொறுத்தவரை இது தப்பு. அவர்கள் முதலில் வாசகர்கள்.

ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996-ல் வெளியிட்ட நூலில், பல இரவுகளில் எதிரே பார்வையாளர் யாருமே இல்லாததைப் பதிவு செய்கிறார். 'தேவி கேட்கிறாள்' என்று இதை அழகாக்கிவிடலாம். தாரிகனோடு போரிட்டதில் ராவண வதத்தைப் பார்க்கத் தவறிய காளிக்காகவே இந்தக் கூத்து என்று ஐதீகமும் உண்டு. ஆனால் கேட்கவிடாமல் தடுக்கப்பட்ட ஒருவன், எல்லோரும் கேட்கட்டும் என்று தொடங்கிய கூத்து இது. அந்தக் காலி மைதானத்தை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு ஆறுதல்: கேட்க ஆளில்லாவிட்டாலும் மாடத்துக்குள் ஒரு புலவர் கேள்வி கேட்கிறார், இன்னொருவர் பதில் சொல்கிறார். வாசிப்பு நடக்க இரண்டு பேர் போதும்.

மறுநாள் சாயங்காலம் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "நேத்து உட்ட எடத்துலேர்ந்து படிப்பா" என்றார். "ஆனா அந்தக் கேள்விக்கு நீ சொன்ன பதிலு சரியில்ல."