ஒற்றியூர் மடமும் பொருந்தா ஒப்புமையும்



பொன்னேரி வட்டத்துக் கடற்கரையில், எண்ணூர்க் கழிமுகத்திற்கு வடக்கே, காட்டுப்பள்ளி என்னும் ஊர் உளது. இஞ்ஞான்று துறைமுகமும் கப்பல் கட்டுந் தளமும் எழுந்துள்ள அவ்வூரின் பெயரில் நின்ற பள்ளி என்னுஞ் சொல், சிற்றூர், துயிலிடம், கல்விச்சாலை, துறவோர் உறையுள் எனப் பல பொருள் தருவது. பள்ளி என்று கண்ட இடமெல்லாம் சமணர் இருக்கையே என்று துணிவாருளர். சோழநாட்டில் தேவாரம் பெற்ற திருக்காட்டுப்பள்ளிகள் இரண்டு உளவாதலை அவர் நினைப்பதில்லை. ஓரிடத்துக் கண்ட பொருளை எவ்விடத்தும் ஏற்றியுரைத்தல் ஆராய்ச்சியாகாது. இதனினும் பெரியதொரு பிழை, அவ்வூர்க்குத் தெற்கே அதே கரையில் விளங்கும் திருவொற்றியூரின் பழைய மடத்தைப் பற்றி நிகழ்கின்றமையின், அதனை ஈண்டு எடுத்துக்கொண்டாம்.

மேனாட்டு வரலாறு பயின்ற நம்மவருட் சிலர், இங்கிலாந்து தேயத்து மடங்களின் கதையை நம்நாட்டு மடங்களுக்கும் அளவுகோலாக வைக்கின்றனர். அந்நாட்டு மடங்கள் நிலமும் பொன்னும் குவித்தன. துறவிகள் நோன்பு மறந்தனர். அரசன் அவற்றைக் கலைத்தான். நம் மடங்களும் அத்தகையனவே என்பது அன்னோர் கூற்று. அதற்குச் சான்றாக ஒற்றியூர்ச் சதுரானன பண்டிதரின் கல்வெட்டையே எடுத்துக்காட்டுவாருமுளர். படைத்தலைவராயிருந்தவர் போரில் தலைவனை இழந்த நாணத்தால் துறவுபூண்டார். பூண்ட பின்னும் நூறு நிஷ்கம் பொன் வைத்திருந்தார். தாம் பிறந்த நாளுக்கே விழாவும் அமைத்தார். இது துறவா என வினவுகின்றனர். வினா இகழத்தக்கதன்று. விடைதான் ஆராயாது கூறப்பட்டது.

முதற்கண் இங்கிலாந்தின் செய்தியையே நோக்குவாம். 1348ஆம் ஆண்டில் அத்தேயத்தைத் தாக்கிய கொள்ளைநோயால் துறவிகளின் தொகை பெரிதுங் குறைந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சாசர் என்னும் புலவர், வேட்டையிலும் நல்லுணவிலும் விருப்பங்கொண்ட துறவி ஒருவரைத் தம் காவியத்துட் படைத்து நகையாடினார். இவை உண்மையே. ஆயின் மடங்களைக் கலைத்தற்கு ஆதாரமாகிய குற்றப்பட்டியலைத் தொகுத்தவர் யாவர்? 1535ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சராகிய தாமஸ் கிராம்வெல் அனுப்பிய ஆணையாளர்கள். அதே ஆண்டில் மடங்கள், கோயில்கள் இவற்றின் வருவாய் முழுதும் அரசனாணையாற் கணக்கெடுக்கப்பட்டது. மறு ஆண்டில், ஆண்டு வருவாய் 200 பவுனுக்குக் குறைந்த மடங்களைக் கலைக்கச் சட்டம் பிறந்தது. 1540ஆம் ஆண்டிற்குள் பெரியனவும் ஒழிந்தன. பொருளைக் கொள்ள விரும்பியவனே சான்று தேடினான் என்பதை மறத்தலாகாது. 1536ஆம் ஆண்டில் வடபகுதி மக்கள் திரண்டெழுந்தமைக்கு மடங்கள் கலைக்கப்பட்டதும் ஒரு காரணம். ஏழைகட்கு உணவும் வழிப்போக்கர்க்குத் தங்கலும் அம்மடங்கள் அளித்துவந்தன. ஆகவே அளவுகோலென எடுத்த பொருளே நேரியதன்று.

இனி ஒற்றியூர்க் கல்வெட்டு. இராட்டிரகூட மன்னனாகிய மூன்றாங் கிருஷ்ணன், தமிழ்க் கல்வெட்டுக்களிற் கன்னரதேவன் எனப்படுவோன், அவனது இருபதாம் ஆட்சியாண்டில், அஃதாவது 959ஆம் ஆண்டளவில், அது பொறிக்கப்பட்டது. கேரள நாட்டிற் பிறந்து கலைகள் கற்று, சோழ இளவரசன் இராசாதித்தனுக்குப் படைத்தலைவரும் நண்பருமாய் விளங்கியவர் வல்லபர். 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமீதே பட்டான். அப்பொழுது வல்லபர் அருகிலில்லை. அத்துயரால் உலகை வெறுத்துக் கங்கை நீராடி, ஒற்றியூரில் நிரஞ்சன குருவின்பால் துறவு பெற்று, சதுரானனர் என்னும் பெயர் தாங்கி மடத்தின் தலைமையை ஏற்றார்.

இதனை மடத்தார் தாமே பொறித்த புகழ்ச்சியுரையென்று தள்ளலாமெனின், அற்றன்று. புகழ்ச்சியே கருதினோர் பெருமைகளையே அடுக்குவர். தலைவன் பட்டபொழுது உடனிருந்திலன் என்பது, படைவீரர் மரபில் மறைக்கத்தக்க குறையேயன்றிக் கூறத்தக்க சிறப்பன்று. அக்குறையைக் கல்லில் வெட்டுவித்த உள்ளத்தைப் போலியென்றல் எங்ஙனம்? அன்றியும், அப்பொழுது தொண்டைநாட்டை ஆண்டவன் யாவன்? தக்கோலத்தில் வென்ற கன்னரதேவனே. வென்றவன் ஆட்சியாண்டின்கீழ், தோற்று மாய்ந்த தலைவன்பாற் கொண்ட அன்பை அத்துறவியார் வெளிப்படக் கூறினார். ஆசையற்றவர்க்கே இவ்வஞ்சாமை இயல்வதாம்.

ஈண்டு ஒரு நினைவு எழுகின்றது, துணிபாகக் கொள்ளற்க. ஒற்றியூர், பிரியேன் என்று மகிழமரத்தடியிற் சங்கிலியார்க்குச் சூளுரைத்த நம்பியாரூரர், பின்பு அச்சூள் பிழைத்துக் கண்ணிழந்த தலம். தலைவனைப் பிரிந்திருந்த பிழையை நெஞ்சிற் சுமந்த ஒருவர், கங்கைக்கரையில் தங்காது மீண்டு வந்து அடைக்கலம் புகுந்த இடமும் அதுவேயாயிற்று.

நூறு நிஷ்கம் பொன் என்னாயிற்று? அவர் அதனைப் பேழையில் வைத்திலர். ஊர்ச்சபையாரிடம் ஒப்புவித்தார். முதல் குறையாது நிற்க, வட்டிகொண்டு தம் பிறந்த நாளாகிய அவிட்டந்தோறும் இறைவற்குச் சிறப்பு வழிபாடு நிகழ்தல் வேண்டுமென்பது ஏற்பாடு. விழாக்கொண்டவன் ஒற்றியூருடைய பெருமானேயன்றிப் பண்டிதர் அல்லர். கொடுத்த பொன்னை மீட்கும் உரிமையும் கொடுத்தவர்க்கில்லை. இங்ஙனம் கைவிட்ட பொருளைக் கைக்கொண்ட பொருளெனக் கணக்கிடுதல் என்ன கணக்கோ அறியேம்.

பின்வந்தோர் செயலையும் காண்க. முதல் இராசேந்திரன் காலத்தே, அப்பொழுதிருந்த சதுரானன பண்டிதரின் ஏவலால், இரவி என்னும் வீரசோழத் தச்சன் ஒற்றியூர்க் கோயிலின் விமானத்தைக் கருங்கல்லாற் கட்டினான். இராசேந்திரசோழன் மடம், திருஞானசம்பந்தன் மடம், அங்கராயன் மடம் முதலியனவும் அத்தலத்தில் எழுந்து மாகேசுரர்க்கு அமுதளித்தன. மூன்றாங் குலோத்துங்கன் காலத்தில் பாணினி இலக்கணம் கற்பித்தற்கு ஒரு மண்டபமும் அதற்கு நிலமும் அமைந்தன.

இவையாவற்றினும் சிறந்தது இரண்டாம் இராசாதிராசனின் ஒன்பதாம் ஆண்டுக் கல்வெட்டு. பங்குனி உத்திரத் திருநாளில், மன்னன் திருமண்டபத்து வீற்றிருந்து ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணம் கேட்டருளினன். மடத்துச் சதுரானன பண்டிதரும், சோமசித்தாந்தம் உரைக்கும் வாகீசுவர பண்டிதரும் உடனிருந்தனர். அந்த ஸ்ரீபுராணம் சேக்கிழார் அருளியதா, வேறொன்றா என்பதில் அறிஞரிடை வேறுபாடு உண்டு. சேக்கிழார் அதற்கு முந்திய இரண்டாங் குலோத்துங்கன் காலத்தவராதலின் காலம் தடையாகாது. ஆயின் பெயர்ப் பொருத்தம் ஒன்றுகொண்டே முடித்தலும் கூடாது. நாம் நோக்குவது பிறிதொன்று. சோமசித்தாந்தம், நம் நூலோர் அகப்புறச் சமயமென வகுத்த காபாலத்தொடு தொடர்புடையது. கொள்கையால் வேறுபட்ட அவ்வாசிரியரும் மடத்தலைவரும் நாடாள்வோனும் ஒருங்கிருந்து, ஓர் அடியாரின் அன்பும் பிழையுங் கலந்த சரிதத்தைச் செவிமடுத்தனர். மடத்தின் பணி யாதென வினவுவார்க்கு நூறு நிஷ்கத்தினும் இக்காட்சியே விடையாகும்.

இத்துணையும் கூறியதால், நம் மடங்கள் குற்றமற்றன என்று நாட்டப் புகுந்தேமல்லேம். அரசர் கொடையையும் சபையாரின் வட்டியையும் சார்ந்து வளர்ந்தமையே ஒற்றியூர் மடத்தின் குறை. சோழராட்சி 13ஆம் நூற்றாண்டில் ஒடுங்கியது. ஊர்ச்சபைகளும் நாளடைவில் வலியிழந்தன. முதலைக் காப்பாரின்றி அறமும் நின்றது. எந்த ஹென்றியும் வந்து அதனை இடிக்கவில்லை. மூன்றாங் குலோத்துங்கன் காலத்துத் திருத்துறைப்பூண்டிக் கல்வெட்டு, குகையிடிகலகம் ஒன்றைக் குறிக்கின்றது. குகை என்பது மடம். சைவமன்னன் ஆட்சியிலேயே சைவத்துறவிகளின் உறையுள் இடிக்கப்பட்டதாயின், அரசர் நிழல் எத்துணைக் காவல் என்பது விளங்கும். அந்நூற்றாண்டிலேயே மெய்கண்ட தேவநாயனாரின் சந்தானம் தோன்றிற்று. அச்சந்தான மரபில் எழுந்த திருவாவடுதுறை, தருமபுரம் ஆகிய ஆதீனங்கள் இன்றளவும் நிற்கின்றன. அவற்றிற்கும் நிலமுண்டு, பொன்னுமுண்டு. ஆயினும் அவற்றின் மூலதனம் ஆசிரியன் மாணாக்கனுக்கு உரைத்த பொருளாதலின், அரசுகள் பல மாறியும் அவை மாய்ந்தில. 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் உ. வே. சாமிநாதையரவர்கள் பாடங்கேட்டது ஆவடுதுறை மடத்திலன்றோ! பாடஞ் சொல்லுதல் ஒழிந்து நிலக்கணக்கே எஞ்சும் மடம் எதுவாயினும், அதன்மேல் மேற்கண்ட எழுத்தாளர் கூறுங் குற்றம் நேரிதாகவே பொருந்தும். அப்பொழுது நாம் மறுப்பெழுதப் புகுதல் முறையன்று.

இன்னுமொன்று. சதுரானன பண்டிதர் என்பதனை ஒருவர் பெயராகவே கொண்டு, அவர் கன்னரதேவன் காலத்தும் இராசேந்திரன் காலத்தும் வாழ்ந்தாரென மயங்கி எழுதியதையும் கண்டோம். 959ஆம் ஆண்டளவினராகிய வல்லபர்க்கும், ஸ்ரீபுராணம் கேட்டிருந்த சதுரானனர்க்கும் இடைப்பட்டது இருநூறாண்டுகட்கு மேற்பட்ட காலம். அஃது அம்மடத்தின் தலைவர் வழிவழித் தரித்த பட்டப்பெயர். 1911, 1912ஆம் ஆண்டுகளிற் கல்வெட்டுத் துறையார் ஒற்றியூர்க் கோயிலில் படியெடுத்த சாசனங்களை ஆட்சியாண்டு முறையில் வைத்து நோக்குவார்க்கு இது தெற்றென விளங்கும்.