நிறத்தின் உரிமை

மனித உருவமே இல்லாத அரூப ஓவியத்தில் மனிதனின் பிரச்சினை எங்கே என்று நம்மவர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. ஆயினும், அல்மா தோமஸை அறிந்தோர் தீர்ப்பளிக்கச் சற்றே தயங்குவர்.

ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் 1891இல் பிறந்த கறுப்பினப் பெண் இவர். வாஷிங்டன் பாடசாலையொன்றில் 35 ஆண்டுகள் சித்திரம் கற்பித்து, 1960இல் ஓய்வு பெற்ற பின்னரே முழுநேர ஓவியரானார். 1963ஆம் ஆண்டின் வாஷிங்டன் உரிமைப் பேரணியைத் தீட்டிய அதே கை, பின்னர் சிறு சிறு தீற்றல்களை வட்டமாகவும் நிரலாகவும் அடுக்கிச் சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒளிரச் செய்தது.

சிறுவயதில் அருங்காட்சியகத்தினுள் காலடி வைக்கவும் உரிமையற்றிருந்தவர், 1972இல், தமது 80ஆவது வயதில், நியூயோர்க் விற்னி கலைக்கூடத்தில் தனிக்கண்காட்சி கண்ட முதற் கறுப்பினப் பெண்ணானார். தோலின் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர் நிறங்கள் அனைத்தையும் தமதாக்கிக்கொண்டார். மகிழ்ச்சியும் மறுக்கப்பட்ட உரிமைகளுள் ஒன்றன்றோ? சுவரொட்டியின் அளவுகோல் கொண்டே கலையை அளப்போர் இதனைச் சிந்திப்பாராக.