எந்த ஊர் லாக் இது?

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனம் லாக்குகளைத் திரட்டப் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கும். கிளையில் உள்ள ஃபயர்வால், ரூட்டர், சர்வர் ஒவ்வொன்றும் தலைமையகத்துக்கு நேரடியாக அனுப்புவது ஒன்று. கிளைக்கொரு இடைச் சர்வரை வைத்து, அது சேர்த்து அனுப்புவது மற்றொன்று. அந்த இடைச் சர்வருக்குத் துறையில் வழங்கும் பெயர் கலெக்டர். மாவட்டத்தில் உட்கார்ந்து வரி வசூலித்தவரின் பதவிப் பெயரே இதற்கும் வாய்த்திருக்கிறது. வேலையும் ஏறக்குறைய அதுதான். இரண்டாம் வழியே மேல் என்பது என் முடிவு. ஆனால் அதைச் செயல்படுத்தும்போது ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. ஒவ்வொரு வரியிலும் குத்த வேண்டிய முத்திரையான கிளையின் பெயரை, லாக்குகளைப் பிரித்துப் பூட்டும் அறையாக மாற்றிவிடுகிறார்கள்.

நேரடியாக அனுப்பும் வழி ஏன் சறுக்குகிறது என்பதற்கு லாக் அனுப்பப் பரவலாகப் பயன்படும் சிஸ்லாக் முறை பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் தம் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கியது அது. நாடு கடந்த கிளைகளை மனதில் வைத்துச் செய்ததல்ல. வழக்கமாக யுடிபி 514 வழியே போகும் செய்தி, சேர்ந்ததா என்று திரும்பிக் கேட்காது. லைன் அறுந்திருந்த நேரத்து லாக் போனது போனதுதான். 2001இல் வந்த ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம் விவரிக்கும் பழைய வடிவத்தில் நேரம் ‘அக் 11 22:14:15’ என்ற தோரணையில் இருக்கும். ஆண்டு கிடையாது, எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் கிடையாது. சென்னைக் கிளையும் சிங்கப்பூர்க் கிளையும் தத்தம் உள்ளூர் நேரத்தை எழுதினால், ஒரே நொடியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இரண்டரை மணி நேர இடைவெளியில் நடந்தவையாகத் தெரியும். 2009இல் ஆர்எஃப்சி 5424 இதைச் சரிசெய்தது. பழைய வடிவத்திலேயே எழுதும் கருவிகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இதைவிடச் சிக்கல் முகவரியில். மதுரைக் கிளையின் ரூட்டரும் 192.168.1.1, திருப்பூர்க் கிளையின் ரூட்டரும் 192.168.1.1. இரண்டுக்கும் ‘ரூட்டர்’ என்றே பெயர் வைத்திருப்பார்கள். லாக் ஒன்று வந்து விழும்போது எந்த ஊர் என்று கேட்டால் சர்வருக்கே தெரியாது.

கலெக்டர் இந்த மூன்றையும் பிறந்த இடத்திலேயே தீர்க்கிறது. லைன் போனால் டிஸ்க்கில் வரிசை கட்டி வைத்திருந்து பிறகு அனுப்பும். ஆர்சிஸ்லாக் போன்ற மென்பொருளில் இந்த வசதி உண்டு. நேரத்துக்கு மண்டலக் குறிப்பைச் சேர்க்கும், கிளையின் பெயரை ஒட்டும். முகவரி அட்டவணை ஒன்று இருந்தால் தலைமையகத்திலேயே ஊரைக் கண்டுபிடித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முகவரி எங்கும் மோதாமல் இருந்து, அட்டவணையை ஒருவர் நாள் தவறாமல் திருத்தியும் வந்தால் முடியும். கிளை இடம் மாறிய ஆறு மாதம் கழித்துப் பழைய லாக்கைத் தேடும்போது, அன்றைய அட்டவணை யாரிடம் இருக்கும்?

ஆனால் முத்திரை அறையானால் கேடு தொடங்குகிறது. கிளைக்கொரு சேமிப்பு, கிளைக்கொரு டாஷ்போர்டு, கிளைப் பொறுப்பாளருக்கு அவர் கிளை மட்டும். நிர்வாகத்துக்கு இது ஒழுங்காகத் தெரியும். ஊடுருவுபவனுக்கோ கிளை எல்லை கிடையாது. ஒரே கணக்கின் கடவுச்சொல்லை நாற்பது கிளைகளில் தலா இரண்டு முறை முயன்றால், எந்தக் கிளையின் அலர்ட்டும் அடிக்காது. எண்பது முயற்சிகளையும் ஒன்றாகப் பார்ப்பவருக்கே அது தாக்குதல். விண்டோஸில் 4625 என்ற எண்ணுடன் பதிவாகும் அந்தத் தோல்விகள் தனித்தனியே பார்த்தால் மறதிக்காரர்களின் கைப்பிழை. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையும் நினைவில் இருக்க வேண்டும்: 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். நாற்பது அறைகளின் சாவியைத் தேடுவதற்குள் அந்த ஆறு மணி கரைந்துவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டால் போதுமா? போதாது. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரம் திருடுபோனபோது, எச்சரிக்கை வந்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அதை மினியாபோலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்ததாகவும் செய்திகள் வந்தன. உரிய நேரத்தில் நடவடிக்கைதான் எடுக்கப்படவில்லை. ஆகவே கிளை முத்திரையோடு பொறுப்பாளரின் பெயரும் சேர்ந்தே வர வேண்டும். செலவைக் காட்டி மறுப்பவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. நாளொன்றுக்கு எத்தனை ஜிபி என்று உரிமக் கட்டணம் வாங்கும் மென்பொருளில் எல்லாவற்றையும் அனுப்பினால் கட்டுப்படியாகாது. முழு லாக்கைக் கிளையில் வைத்துக்கொண்டு, லாகின், கணக்கு மாற்றம், ஃபயர்வால் விதி மாற்றம் ஆகியவற்றை மட்டும் உடனுக்குடன் அனுப்பலாம். கிளைச் சர்வரைப் பிடித்தவன் அங்குள்ள தடயத்தை அழித்தாலும் இவை தப்பும். மூன்றே கிளையுள்ள நிறுவனத்துக்கு, முகவரிகள் மோதாத வரை, கலெக்டரே வீண் செலவு.

இத்தனையும் செய்த பிறகும் மிஞ்சும் ஓட்டை ஒன்று உண்டு. கலெக்டர் செத்துப்போன கிளை, டாஷ்போர்டில் பிரச்சினையே இல்லாத கிளையாகக் காட்சி தரும். அலர்ட் பூஜ்யம், நிறம் பச்சை. பதினைந்து நிமிடம் லாக் வராவிட்டால் மணி அடிக்கட்டும் என்று வைத்தால், ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கிளையெல்லாம் அடிக்கும். இரண்டு வாரத்தில் யாரோ அதை அணைத்துவிடுவார்கள். பழைய யூனிக்ஸ் சிஸ்லாக்டி இதற்கு எளிய வழி வைத்திருந்தது: எழுத எதுவும் இல்லாவிட்டாலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ‘மார்க்’ என்று ஒரு வரி எழுதும். ஆர்சிஸ்லாக்கிலும் அந்தப் பகுதி இருக்கிறது. டெபியன் லினக்ஸில் நிறுவினால், கட்டமைப்புக் கோப்பின் தொடக்கத்திலேயே, முன்னால் ஒரு ஹேஷ் குறியோடு முடக்கப்பட்டுக் கிடக்கும்.