நடை மாற்றமும் இரசிகர் பூசலும்: மெற்றாலிக்கா இசைக்குழுவை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஒரு கலைஞன் தன் பழைய நடையைக் கைவிட்டுப் புதியதொன்றை மேற்கொள்ளுமிடத்து அவனைக் கடிந்துரைப்போர் பெரும்பாலும் அவனுக்குப் பகைவரல்லர்; அவனை முதன்முதற் போற்றியவரே அவர். பகைவனுக்கு அவன் எந்நடையிற் பாடினும் ஒன்றே. அன்பனோ அந்நடையைத் தன் உடைமையாகக் கொண்டு விடுகின்றான். அதில் ஓர் இம்மி பிசகினும் தன்னுடைமை களவு போயிற்றெனக் கருதுகின்றான். மேனாட்டு றொக் இசையிலே இத்தகைய வழக்குகள் பல உள. அவற்றுள் மிக நீண்டதும், வழக்காடுவோர் தலைமுறை தலைமுறையாக மாறிய பின்னரும் தீர்ப்புக் காணாததுமாகிய ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது மெற்றாலிக்கா என்னும் அமெரிக்க இசைக்குழுவைப் பற்றியது.

டென்மார்க்கிற் பிறந்து ரெனிஸ் ஆட்டத்திற் பயிற்சி பெறுவதற்காக அமெரிக்கா சென்ற லாஸ் உல்றிச் என்னும் முரசுக் கலைஞர், பத்திரிகை விளம்பரமொன்றின் வாயிலாக ஜேம்ஸ் ஹெற்ஃபீல்ட் என்னும் பாடகரைக் கண்டடைந்து 1981 இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இக்குழுவைத் தொடக்கினார். ரெனிஸ் உலகம் இழந்தது பெரிதன்று போலும். பேஸ் கிற்றார் வல்லுநரான கிளிஃப் பேர்ட்டன், தம்மைச் சேர்த்துக்கொள்வதாயின் குழு தம் ஊர்ப்பக்கம் வரவேண்டுமென்றார். குழு சான் பிரான்சிஸ்கோப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. 1983 இற் சேர்ந்தவர் கிற்றார் கலைஞர் கேர்க் ஹமற். பிரித்தானிய ஹெவி மெற்றல் குழுக்களின் கனத்தையும் பங்க் இசையின் வேகத்தையும் ஒருங்கிணைத்து இவர்கள் வளர்த்த நடை 'திறாஷ்' எனப்பட்டது. தந்திகளை அகங்கையின் ஓரத்தால் அமுக்கிக்கொண்டே, மீட்டுந் தகட்டை மேலும் கீழுமாக அசையாது, மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் அடித்தல் ஹெற்ஃபீல்டின் கைமுறை. நிமிடத்துக்கு இருநூற்றுக்கு மேற்பட்ட அடிகள் விழும் கதியில் இதனைச் செய்வது எளிதன்று. அதனால் எழும் ஒலி இசையென்பதினும் இயந்திரமொன்றின் ஓட்டமெனவே முதலிற் கேட்பார்க்குத் தோன்றும். பழகிய செவிக்கு அவ்வோட்டத்தினுள்ளே நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் புலப்படும்.

இரசிகரின் வழக்கிலே நியாயம் உண்டா என ஆராய்வார் ஒன்றை மறத்தலாகாது. இக்குழுவை வளர்த்தது வானொலியன்று, பெருங்கம்பனிகளுமல்ல. 1982 இல் இவர்கள் பதிவுசெய்த மாதிரி ஒலிநாடாவை இளைஞர் ஒருவர்க்கொருவர் படியெடுத்துத் தபாலில் அனுப்பினர். நாடு விட்டு நாடு சென்றது அந்நாடா. முதல் இசைத்தட்டு 1983 இல் வெளிவருமுன்னரே குழுவின் பெயர் பரவியிருந்தமைக்குக் காரணம் இதுவே. தொலைக்காட்சிக்கெனப் படமெதனையும் இவர்கள் 1989 வரை வெளியிட்டிலர். ஆகவே, 'இக்குழு எம்முடையது' என்று இரசிகன் சொல்லும்போது அதனை வெறும் செருக்கென்று தள்ளிவிட முடியாது. தன் கைக்காசைச் செலவிட்டு நாடா அனுப்பியவனுக்கு ஏதோவோர் உரிமை உண்டு. அவ்வுரிமை எத்தகையது, அதன் எல்லை யாது என்பதே ஆராயத்தக்கது.

முதற் பூசல் பலரும் நினைப்பதினும் முந்தியது. 1984 இல் வெளிவந்த இரண்டாம் இசைத்தட்டாகிய 'றைட் த லைற்னிங்'கிலே 'ஃபேட் ரு பிளாக்' என்றொரு பாடல் உளது. அது மெல்லிய கிற்றார் மீட்டலொடு தொடங்கி, வாழ்வில் வெறுப்புற்ற ஒருவனின் மனநிலையைக் கூறி, இறுதியிலே நெடிய தனிவாசிப்பாக விரிகின்றது. மெல்லிசைப் பாடலா, இக்குழுவிலா என்று அன்றே முதலன்பர் சிலர் கொதித்தெழுந்தனர். குழு விலைபோயிற்று என்றனர். பின்னாளிலே 'பழைய மெற்றாலிக்காவே மெற்றாலிக்கா' என்று வாதிட்டோர் தம் சான்றாகக் காட்டிய பாடல்களுள் இதுவும் ஒன்று! மாறாத தூய நிலையொன்று எக்காலத்தும் இருந்ததில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. அன்றியும், அதே இசைத்தட்டின் முதற்பாடல், அக்காலத்து இவர்களின் பாடல்களுள் மிக வேகமானவற்றுள் ஒன்று, மெல்லிய கிற்றார் முகப்புடனேயே தொடங்குகின்றது. மென்மையும் வன்மையும் அடுத்தடுத்து நிற்றல் இவர்கள் நடையின் உறுப்பேயன்றிப் பிற்காலத்து ஒட்டன்று.

1986 இல் வந்த 'மாஸ்ரர் ஒவ் பப்பற்ஸ்' இவர்களின் முதற்காலத்து முடிமணி என்பதில் இருசாராரும் ஒத்திசைவர். அதன் தலைப்புப்பாடல் எட்டரை நிமிட அளவினது. போதைப்பொருளே எசமானாக நின்று தன் அடிமையை நோக்கிப் பேசுவதாக அமைந்தது. நடுவிலே கதி தணிந்து, இரு கிற்றார்கள் இணைந்து பாடுமாப்போல் ஒலிக்கும் பகுதி இன்றுங் கேட்கத் தெவிட்டாதது. 2016 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இவ்விசைத்தட்டைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் வெளிவந்த ஆண்டிலேயே, செப்ரெம்பர் 27 ஆம் நாள், சுவீடனில் நிகழ்ந்த பேருந்து விபத்திலே பேர்ட்டன் இறந்தார். வயது 24. பாஹின் இசையில் ஈடுபாடு கொண்டிருந்த அவரே குழுவின் இசையறிவு மிக்கவர். அவர் இருந்திருப்பின் குழு பின்னர் மாறியிராது என்பது இரசிகர் வழக்கிலே அடிக்கடி எழும் வாதம். இறந்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் இவ்வாதத்துக்கு மறுமொழி கூற இயலாது. ஆதலின் அதற்கு மதிப்புமில்லை.

அவருக்குப் பின் வந்த ஜேசன் நியூஸ்ரெட்டைக் கொண்டு 1988 இல் வெளியிட்ட 'அன்ட் ஜஸ்ரிஸ் ஃபோர் ஓல்' என்னும் தொகுப்பு, முன்னைய நடையை அதன் எல்லைவரை இழுத்துச் சென்றது. தலைப்புப்பாடல் மட்டும் ஏறக்குறைய பத்து நிமிடம். தாளமாற்றங்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டன. பேஸ் கிற்றாரோ செவிக்கு எட்டாதவாறு தணிக்கப்பட்டது. அறிவுக்கு வியப்பளிக்கும் இத்தொகுப்பு, உள்ளத்துக்கு அவ்வளவு அளிப்பதில்லை என்பது என் கருத்து. மேடையில் இந்நெடும்பாடல்கள் தமக்கே சலிப்பூட்டியதாகக் குழுவினரும் பின்னர்க் கூறியுள்ளனர். இவ்விடம் முக்கியமானது. நடை மாற்றம் வெளியிலிருந்து வந்த ஆசையினால் மட்டும் நிகழ்ந்ததென்பார், பழைய நடை தன்னுள்ளேயே ஒரு முட்டுச்சந்தை அடைந்திருந்தமையைக் காண்பதில்லை. இன்னும் நீண்ட பாடல், இன்னும் சிக்கலான தாளம் என்று போயிருப்பின் எஞ்சியிருப்பது கணக்கு மட்டுமே.

1991 ஓகஸ்ற் 12 ஆம் நாள் வெளிவந்தது குழுவின் பெயரையே பெயராகக் கொண்ட தொகுப்பு. அட்டை முழுதும் கருமையாதலின் 'கறுப்பு அல்பம்' என்று வழங்கலாயிற்று. தயாரிப்பாளராக அமர்ந்தவர் பொப் றொக். முன்பு தனித்தனியே வாசித்துப் பதிந்த நால்வரையும் ஒரே கூடத்தில் ஒருங்கே வாசிக்கச் செய்தவர் அவர். ஒலிப்பதிவு 1990 ஒக்ரோபரிலிருந்து மறு ஆண்டு யூன் வரை நீடித்தது. பத்து இலட்சம் டொலர் செலவாயிற்று. அதன் முதற்பாடலாகிய 'என்ரர் சான்ட்மன்' எவ்வாறு உருவாயிற்றென்பதை நோக்குக. ஹமற் ஓர் இசைத்தொடரை அமைத்திருந்தார். அதன் முற்பகுதியை மும்முறை மடக்கிய பின்னரே முடிவைத் தரவேண்டுமென உல்றிச் கூறினார். அவ்வளவே. பாடல் முழுதும் அவ்வொரு தொடரினின்றே விளைகின்றது. கதி நிமிடத்துக்கு 123 அடி அளவினதாகத் தணிந்தது; நீளம் ஐந்தரை நிமிடமாகக் குறுகிற்று.

இதனை எளிமைப்படுத்தல் என்றும், எளிமைப்படுத்தலைத் தாழ்வு என்றும் கொண்டனர் பழைய இரசிகர். முன்னையது உண்மை, பின்னையது அதிலிருந்து பெறப்படுவதன்று. பத்துத் தொடரை அடுக்குதலினும் ஒரு தொடரைக் கொண்டு ஐந்து நிமிடம் செவியைப் பிணித்து நிறுத்துதல் அரிது. 'சாட் பட் றூ' என்னும் பாடலில் ஒவ்வோர் அடிக்கும் இடையே விடப்பட்டுள்ள வெளியைக் கேட்பவர் இதனை உணர்வர். அவ்வெளியே அதன் கனம். முந்திய தொகுப்பில் மூச்சுவிட இடமிருந்ததில்லை.

பாடற்பொருளும் மாறிற்று. போர், நீதியின் சீர்கேடு முதலிய பொதுப்பொருளை விடுத்து ஹெற்ஃபீல்ட் தம் அகத்தை நோக்கித் திரும்பினார். மருத்துவத்தை ஏலாத சமயப்பிரிவொன்றைச் சார்ந்திருந்த அவர்தம் அன்னையார் புற்றுநோயால் இறந்த துயரம் 'த கோட் தற் ஃபெயில்ட்' என்னும் பாடலிலே கசப்பொடு வெளிப்படுகின்றது. 'நதிங் எல்ஸ் மற்றர்ஸ்' தொலைபேசியில் உரையாடிக்கொண்டே ஒரு கையால் வெறுந்தந்திகளை மீட்டியபோது பிறந்தது. அதனைக் குழுவுக்குக் கொடுக்கும் எண்ணமே அவருக்கு முதலில் இருந்ததில்லை. விலைபோனமைக்குச் சான்றாகப் பெரிதுங் காட்டப்படும் பாடல், விற்கும் நோக்கமின்றிப் பிறந்தது என்பது நகைப்புக்குரிய முரண்.

குழுவினர்க்குப் பெரும்புகழில் ஆசை இருந்ததில்லை என்று நான் வாதிட வரவில்லை. இருந்தது, அவர்கள் மறைத்ததுமில்லை. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்ற தொகுப்பு தற்செயலாக விற்றதாகாது. ஆயினும் நோக்கத்தைக் கொண்டு இசையை அளப்பது திறனாய்வாகாது. இசையைக் கொண்டே இசையை அளத்தல் வேண்டும்.

அவ்வளவுகோலை 1996 இல் வெளிவந்த 'லோட்' தொகுப்பின்மேல் வைப்பின் முடிவு வேறாகின்றது. முடியைக் கத்தரித்துக்கொண்டனர், கண்ணுக்கு மையிட்டுப் படமெடுத்தனர், பெயரெழுதும் முறையையும் திருத்தினர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் புளூஸ், கன்ற்றி ஆகிய நாட்டார் மரபுகளின் சாயல் இசையிற் படிந்தது. இரசிகர் கூட்டம் இசையைவிட முடியைப் பற்றியே மிகுதியும் பேசியது என்பது வெட்கத்துக்குரியது. 'மாமா செட்' என்னும் பாடல், தாயை இழந்த மகனின் பேச்சாக, எளிய நாட்டார் நடையில் அமைந்தது, மனத்தைத் தொடுவது. குறை நடை மாற்றத்திலன்று, தேர்விலே. ஏறக்குறைய 79 நிமிடம் நீளும் இத்தொகுப்பில் பாதியை நீக்கியிருப்பின் நல்லதோர் இசைத்தட்டு எஞ்சியிருக்கும். அதுவும் போதாதென்று, அக்காலத்து எஞ்சிய பாடல்களை 1997 இல் 'றீலோட்' என மற்றுமொரு தொகுப்பாக்கினர். இரசிகர் கடிந்தது தக்கதே. கூறிய காரணந்தான் தவறு.

2000 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இசைநடையைப் பற்றியதன்று. எனினும் பூசலுக்கு எண்ணெய் வார்த்தது. நப்ஸ்ரர் என்னும் கணினிவழிப் பகிர்வு நிறுவனத்தின்மேல் குழு வழக்குத் தொடுத்து, தம் பாடல்களைப் பகிர்ந்த 3 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பயனாளர் பெயர்களைக் கையளித்தது. சட்டம் அவர்கள் பக்கமே. ஆனால் படியெடுத்த ஒலிநாடாவினால் எழுந்த குழு, படியெடுத்தோரை வழக்குக்கு இழுத்ததெனும் சொல் இரசிகரிடையே ஆறாத வடுவாயிற்று. நாடா அனுப்பியவனுக்கு ஏதோவோர் உரிமை உண்டென்றேன். அவ்வுரிமை மதிக்கப்படாமற் போனது இங்கேதான், 1991 இலன்று.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 2003 இல் வந்த 'செயின்ற் ஆங்கர்' தொகுப்பிலே கிற்றார்த் தனிவாசிப்பு அறவே இல்லை. முரசோ தகரத்தைத் தட்டியதுபோல் ஒலித்தது. அதனை யான் மீண்டும் கேட்க விரும்பேன். பொப் றொக்கை விலக்குக என இரசிகர் கையொப்பந் திரட்டினர். அவர் விலக, றிக் றூபின் அமர்ந்தார். முதற்காலத்து மனநிலையை மீட்குமாறு அவர் குழுவினரைத் தூண்டினார். அதன் பயனாக 2008 இல் 'டெத் மக்னெற்றிக்' வெளிவந்தது: நெடும்பாடல், வேகம், தனிவாசிப்பு, யாவும் திரும்பின. கேட்டது கிடைத்தது. பூசல் ஓய்ந்ததா? ஒலியின் உரப்பை அளவுக்கு மிஞ்சி உயர்த்திச் சிதைத்துவிட்டனர் என்றொரு புதுப்பூசல் எழுந்தது. மீளக் கலந்து வெளியிடுக என்று பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். இம்முறை அவர்கள் கூறியது முற்றிலும் சரி. கணினி விளையாட்டொன்றுக்காக வெளியான அதே பாடல்கள் தெளிவாக ஒலித்தமை அதனை மெய்ப்பித்தது. செவி கொண்டு தீர்ப்பளித்தபோது இரசிகர் பிழைத்ததில்லை. நினைவைக் கொண்டு தீர்ப்பளித்தபோதே பிழைத்தனர்.

2022 இல் தொலைக்காட்சித் தொடரொன்றில் 'மாஸ்ரர் ஒவ் பப்பற்ஸ்' பாடல் இடம்பெற, அது பிறந்தபோது பிறந்திராத இளைஞர் பெருந்திரளாக அதனைத் தேடிக் கேட்டனர். 'தொடரைப் பார்த்து வந்தோர் உண்மை இரசிகரல்லர்' என்று பழையோர் சிலர் முணுமுணுத்தனர். குழுவோ, எந்நாளில் வந்தோரும் தமக்கு வேண்டியவரே என வெளிப்படையாக அறிவித்தது.

இன்னுமொன்று. 1988 ஆம் ஆண்டுத் தொகுப்பிற் கேளாமற்போன பேஸ் கிற்றாரை இரசிகர் தாமே கணினியில் உயர்த்திப் பல படிகளாக உலவவிட்டுள்ளனர். அவர்களுட் பலர், பழைய இசைத்தட்டுகளில் எதனையும் தொடலாகாதென்னும் கட்சியினர். 2018 இல் அத்தொகுப்பு மறுபதிப்பாக வெளிவந்தபோது, இப்போதாவது அக்குறை தீருமென எதிர்பார்த்திருந்தனர். அது தம் காலத்தின் ஒரு பதிவு, அதனை மாற்றுவதற்கில்லை என்றார் ஹெற்ஃபீல்ட். நியூஸ்ரெட்டின் வாசிப்பு அப்பதிப்பிலும் கேளாமலே இருக்கின்றது.