சுருளியும் காமிராவும்

கம்பத்துக்கு அருகிலுள்ள சுருளி அருவியைப் படம் எடுப்பவர்களில் பலர் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். காமிராவை மூன்றுகால் ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரை ஒன்றிரண்டு விநாடி திறந்து வைக்கிறார்கள். அதற்குள் விழும் நீரெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து வெண்பட்டாகிவிடுகிறது. அழகுதான், ஆனால் அந்தப் பட்டில் ஈரமில்லை. ஷட்டரை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே திறந்தாலோ, நீர் கண்ணாடிச் சில்லாக உறைந்து நிற்கிறது.

பட்டுப் படத்தின் மீதுதான் எனக்குப் புகார் அதிகம். அதில் மனிதர்களுக்கு இடமில்லை, அசைகிறவர்கள் கலைந்துவிடுவார்கள். புகைப்படக் கலை பிறந்த காலத்திலேயே இது தெரிந்துபோயிற்று. 1838-இல் டாகேர் எடுத்த பாரிஸ் வீதிப் படத்தில் போக்குவரத்தெல்லாம் மறைந்துபோய், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்றவரும் போட்டவருமே கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

சுருளி ஆளில்லாத அருவி அல்லவே! ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பிதுர் தர்ப்பணம் செய்ய வருகிறவர்கள் அங்கே நீராடுகிறார்கள். குனிந்த முதுகில் அறைந்து சிதறும்போதுதான் நீரின் கனம் தெரிகிறது. விநாடியில் அறுபதில் ஒரு பங்கு போதும்: துளி கோடாக நீளும்; முதுகு முதுகாகவே இருக்கும். அப்படி ஒரு படம் கிடைத்தால், பட்டுப் படங்கள் பத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்வேன்.