உலகிலேயே பெரிய டைனோசார் அரியலூரிலா?

"உலகிலேயே மிகப் பெரிய டைனோசார் வாழ்ந்தது தமிழ்நாட்டில்தான்" என்று கூறும் கட்டுரைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரம் என்ன என்பதை அவை விளக்குவதில்லை.

எருமப்பட்டியிலிருந்து துறையூர், பெரம்பலூர் வழியே கிழக்கே சென்றால் அரியலூர் வரும். அம்மாவட்டத்துக் கல்லமேடு அருகே கிடைத்த சில எலும்புகளுக்குரிய விலங்கிற்கு 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர்கள் 'பிருஹத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். பேருடல் பல்லி என்பது பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் எனக் குறித்தனர். முதலில் ஊன் உண்ணி என்றனர். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதை நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிகளுடன் சேர்த்தனர். அந்த எலும்புகளோ சிதைந்துபோயின. வரைபடங்களும் சில புகைப்படங்களுமே மிச்சம்.

எடைக் கணக்கைப் பாருங்கள். உருவம் மாறாமல் நீளம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். நீளத்தில் 10 சதவீதம் கூடுதலாக அளந்துவிட்டால் எடையில் 33 சதவீதம் கூடிவிடும். 2023-இல் வெளியான ஒரு கணிப்பு 110 முதல் 170 டன் வரை என்கிறது. இவ்வளவு அகன்ற இடைவெளியில் பெரிய எண்ணை மட்டும் எடுத்துத் தலைப்பாக்குவது அறிவியலாகாது.

மாணவர்களே! இனி இத்தகைய கட்டுரையைக் கண்டால், "எந்த எலும்பு? இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். அடுத்து ஓர் எலும்பு கிடைத்தால் அதைச் சிதையாமல் காக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் நமக்கு வரும்.