திரைப்படத்தில் பாவமன்னிப்பு: கதை வகையும் அருளுரையும்

சங்கீதங்களைப் பயிலும்போது, ஹெர்மன் குன்கல் என்னும் ஜெர்மானிய அறிஞர் காட்டிய வழியில், இது புலம்பல், இது துதிப்பாடல், இது நன்றிப்பாடல் என்று வகை பிரிக்கப் பழகியிருக்கிறோம். வகையறியாமல் பொருள் கூறலாகாது என்பது இரண்டாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும். அதே மாணவன் திரைப்படத்தைப் பற்றிப் பேச எழுந்தால் மட்டும் கருத்தை நோக்கியே கேள்வி கேட்கிறான். படத்தின் நீதி நல்லதா? கிறிஸ்தவப் பாத்திரம் உண்டா? அப்பாத்திரத்தைக் கண்ணியமாகக் காட்டியிருக்கிறார்களா? இவற்றோடு அவன் ஆய்வு முடிந்துவிடுகிறது. நம் சபையாருக்குத் திரை செய்யும் பிரசங்கமோ பெரும்பாலும் கருத்தினால் அன்று, கதையின் வகையினால் நிகழ்கிறது.

வடாற்காட்டுக் கிராமங்களுக்குச் சினிமா வருமுன்பே தெருக்கூத்து இருந்தது. திரௌபதியம்மன் விழாவில் விடிய விடியப் பாரதக் கூத்துக் கண்டவர்களுக்கு, அபலையின் குரல் கேட்டுத் தெய்வம் குறுக்கிட்டுக் காப்பது புதுமையன்று. புராணப் படம் அம்மரபைத் திரைக்குக் கொண்டுவந்தது. கிறிஸ்தவப் பொருள் கொண்ட படங்களும் அதே பாதையில் நடந்தன. 1948-இல் வெளிவந்த 'ஞானசௌந்தரி'யில் துன்புறுத்தப்பட்ட பெண்ணின் வெட்டுண்ட கைகள் மாதாவின் அருளால் மீள்கின்றன. 1971-இல் 'அன்னை வேளாங்கண்ணி' வந்தது. அதே ஆண்டில் 'ஆதிபராசக்தி'யும் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்க்குத் தெய்வத்தின் பெயர் மாறியிருப்பது தெரியும். வகை மாறியதாகத் தோன்றாது.

விரிஞ்சிபுரத்துக் கோயிலில் உறையும் இறைவனுக்கு மார்க்கபந்தீசுவரர் என்று பெயர், தமிழில் வழித்துணைநாதர். நெடுவழி போவோர்க்கு இறைவன் துணைவருவான் என்னும் அந்நம்பிக்கையை நாம் ஏளனம் செய்யலாகாது. எம்மாவுக்குச் சென்ற வழியை நினைப்பவர் எவரும் அதைச் செய்யார். அற்புதப் படத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அதில் வரும் வழித்துணைவர் ஆபத்தை நீக்குவாரேயன்றி ஆபத்தில் பங்குகொள்வதில்லை. எம்மாவு வழியில் கூட நடந்தவரோ காயப்பட்டவர்.

இனிக் குடும்பப் படத்துக்கு வருவோம். இவ்வகையில் கைதேர்ந்த இயக்குநர் ஏ. பீம்சிங். 'பாகப்பிரிவினை' (1959), 'பாசமலர்' (1961) ஆகியவற்றைத் தந்த அவரே, இயேசுவின் வரலாறாகிய 'கருணாமூர்த்தி'யையும் முதலில் தெலுங்கில் இயக்கினார். 1978 டிசம்பரில் அது வெளியாகுமுன், அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமானார். அப்படம் பிற்காலத்தில் ஊர்தோறும் நற்செய்திப் பணிக்காகக் காட்டப்பட்டது. ஆயினும் இறையியல் மாணவன் அதைவிடக் கவனிக்கவேண்டியது அவருடைய 'பாவமன்னிப்பு' (1961) என்பேன். நம் விசுவாசப் பிரமாணத்தின் சொல்லையே தலைப்பாக்கிக்கொண்ட வணிகப் படம் அது.

அதில் ரஹீமாக நடிப்பவர் சிவாஜி கணேசன். இந்துக் குடும்பத்தில் பிறந்து இசுலாமிய இல்லத்தில் வளர்ந்தவன் ரஹீம். அவன் விரும்பும் மேரி கிறிஸ்தவ வீட்டில் வளர்கிறாள். எம். ஆர். இராதா ஏற்ற ஆளவந்தார் பாத்திரம் பணத்துக்காகக் கொலையும் செய்யும். குடிசைவாழ் மக்களுக்குத் துணைநிற்கும் ரஹீமின் முகம் அவரால் அமிலத்தில் கருகுகிறது. பின்னர்தான் அவன் தம் சொந்த மகன் என்று அவர் அறிகிறார், மனம் உடைகிறார்.

பார்வையாளரின் கண்கள் கலங்குகின்றன, கலங்கவேண்டிய காட்சிதான். ஆனால் ஒன்று கேட்கவேண்டும்: ரஹீம் அவருடைய மகனாக இல்லாதிருந்தால்? வேறொருத்தி பெற்ற பிள்ளையின் முகம் கருகியிருந்தால் ஆளவந்தார் அழுதிருப்பாரா? குடும்பப் படத்தின் இலக்கணப்படி இரத்த உறவு வெளிப்படும் கணமே குற்றவுணர்வு பிறக்கும் கணம். மத்தேயு 25-இல் அரசர் அந்த உறவை எல்லார்க்கும் விரித்துவிடுகிறார். மிகவும் சிறியவர்களைத் தம் சகோதரர் என்கிறார். வகையின் எல்லையைச் சுவிசேஷம் உடைப்பது அவ்விடத்தில்தான். அதோடு, சகேயு அழுததாக லூக்கா எழுதவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவன் சொன்னதையே எழுதினார். குடும்பப் படத்தில் கணக்குத் தீர்க்கும் காட்சிக்கு நேரம் ஒதுக்குவதில்லை. கண்ணீரே கணக்கைத் தீர்த்துவிடும்.

பாலாற்றங்கரைச் சபைகளுக்கு இது ஏட்டு வாதமன்று. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலின் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் கலந்ததைக் குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996-இல் நிலைநாட்டியது. சகேயுவின் நெறி சட்டமொழியில் வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் இறந்தனர். இத்துன்பங்களில் எம். ஆர். இராதாவைப் போன்ற ஒரு தனி வில்லன் இல்லை. ஏற்றுமதி, உரிமம், கூலி, தோலைத் தொடுபவனைத் தள்ளிவைத்த சாதி ஆகிய பலவும் சேர்ந்து செய்த பாவம் அது. தொழிலாளியும் முதலாளியும் ஒரே ஆராதனையில் உட்கார்ந்திருக்கும் ஆலயமும் உண்டு. அங்கே குடும்பப் பட வகையில் மன்னிப்பைப் பிரசங்கித்தால், மன்னிக்கும் கடமை தொழிலாளிக்கு மட்டுமே போய்ச் சேரும். நம் சாட்சிக் கூட்டங்களோ அற்புதப் பட வகையை விட்டு அகலுவதில்லை: நோய், ஜெபம், சுகம், காணிக்கை. தண்ணீரால் வந்த நோய்க்கு இவ்வகையில் இடமேது?

குன்கலின் பட்டியலில் உள்ள புலம்பல் என்னும் வகை தமிழ்த் திரையில் அரிது. அதற்கு மிக அண்மையில் வருவது மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) என்று கருதுகிறேன். கருப்பி என்னும் நாயை இழந்து, அவமதிக்கப்பட்டு, கொலைக்குத் தப்பிய சட்டக் கல்லூரி மாணவன் பழிவாங்கவில்லை, மன்னித்துவிட்டதாகவும் அறிவிக்கவில்லை. பெண்ணின் தந்தையோடு பேசுகிறான். உறவு எதுவும் வெளிப்படவில்லை, தெய்வமும் தோன்றவில்லை. இறுதியில் இரண்டு தேநீர்க் குவளைகள் மட்டும் திரையில் நிற்கின்றன. இரட்டைக் குவளை முறையை அறிந்த ஊரார்க்கு அக்காட்சி சமாதானமா, குற்றச்சாட்டா என்று எளிதில் சொல்லமுடியாது. 88-ஆம் சங்கீதமும் துதியில் முடியாமல் இருளில் முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் நம்மைப்போல் கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தைச் சேர்த்துவிடவில்லை.

வாலிபர் கூட்டங்களில் படம் காட்டும் போதகர்கள் சிலர், விளக்கை ஏற்றியவுடன் ஒலிபெருக்கியை எடுத்துப் படத்தின் நீதியைச் சொல்லிவிடுகிறார்கள். இப்படத்தைக் காட்டும் நாளில் அந்த ஒலிபெருக்கியைப் பின்வரிசையில் இருக்கும் தோல்தொழிலாளி ஒருவரிடம் கொடுக்கலாம்.